அலுமாரியில் பதினொரு தட்டுகள்

போன சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எங்கள் வீட்டு முன் கேற்றில் மணி அடித்தது.

போய்ப் பார்த்தால்... நஸ்ரின் ரீச்சர்!

பக்கத்து வீட்டுக்காரர் வந்ததற்கு ஒரு ஆச்சரியக்குறியா என்று கேட்பீர்கள். ரீச்சர் எங்களுக்குப் பதினாறு வருடப் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதன் வழியாக நேரே எங்கள் குசினிக்குள் வந்து, சட்டி மூடியைத் திறந்து மீனைப் பார்த்து, "இண்டைக்கும் சூடையா?" என்று கேட்கிற உரிமை உள்ளவர். அப்படிப்பட்டவர் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, முக்காட்டைச் சரிசெய்து, மணியை அடித்துவிட்டு வெளியே நிற்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ஒன்றில் யாரோ மௌத்தாகி, சாவு விழுந்திருக்க வேண்டும். அல்லது நாங்கள் ஏதோ பெரிய பிழை விட்டிருக்க வேண்டும்.

"வாங்கோ ரீச்சர். என்ன முன் பக்கத்தால?"

"சும்மாதான் அண்ணன்..." நிலத்தைப் பார்த்தார். கேற்றைப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "வந்து... எங்கட நீலப்பூப் போட்ட கண்ணாடித் தட்டு... உங்கட வீட்டில ஏதும் கிடக்குதா?"



ஒரு தட்டுக்கா இவ்வளவு? ஓம், ஒரு தட்டுக்குத்தான். எங்கள் ஒழுங்கையின் சட்டத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு இது விளங்கும். ஓர்ஸ் ஹில்லிலிருந்து துறைமுகப் பக்கமாக இறங்கும் சின்னச் சந்துதான் எங்கள் ஒழுங்கை. எங்களுக்கு வலப் பக்கம் நஸ்ரின் ரீச்சர், பின்பக்கம் ரீற்றா அக்கா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் குசினியிலிருந்து முறுக்கும் பயத்தம் பணியாரமும் போகும். இரண்டு பெருநாளுக்கும் ரீச்சர் வீட்டுத் தொதல், வட்டிலப்பம் என்று இனிப்புகள் வரும். நத்தாருக்கு ரீற்றா அக்காவின் கேக். இவை பெரிய கணக்கு. இவை தவிர, பிள்ளை சோதனை பாஸ் பண்ணினால், முற்றத்துப் பலா பழுத்தால், ஒன்றுமில்லாமல் சும்மா ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்கூட ஒரு தட்டுப் போகும்.

போன தட்டு திரும்பி வரவேண்டும். ஆனால் வெறும் தட்டாக வரக்கூடாது. ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. இதுவரை மீறினவரும் இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. தட்டுக்குச் சொந்தக்காரர் வாய் திறந்து அதைக் கேட்கவே கூடாது. கொடுத்த காசைக் கேட்கலாம். கொடுத்த ஏணியைக் கேட்கலாம். தட்டைக் கேட்டால் 'நாங்கள் தந்தோமே, நீங்கள் ஒன்றும் தரவில்லையே' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

ரீச்சர் கேட்டுவிட்டார்.

"இருங்கோ, பார்த்துச் சொல்லுறன்" என்று குசினிக்கு ஓடி அலுமாரியைத் திறந்தேன். ரீச்சரின் நீலப்பூத் தட்டு நான்கு. ரீற்றா அக்காவின் ரோசாப்பூப் பீங்கான் மூன்று. எவர்சில்வர் தட்டு இரண்டு. ஒரு கண்ணாடிக் கிண்ணம். யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு பச்சை பிளாஸ்டிக் தட்டு. மொத்தம் பதினொன்று. அதில் ஒன்றுகூட எங்களுடையதில்லை!

நாலு பேர் மதிக்கிற ஒரு குடும்பம் எப்படி இந்த நிலைக்கு வந்தது?

எல்லாம் ஒரு தூண்டிலால் வந்த வினை. இரண்டரை வருடத்துக்கு முன்னர் இதே பத்திரிகையில் இதே பக்கத்தில், நான் புதிதாக வாங்கிய தூண்டிலைப் பற்றிப் பெருமையாக எழுதினேனே... ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டுச் சாமான். மடக்கினால் குடை மாதிரி இருக்கும். அதைப் படித்துவிட்டு நிலாவெளி வாசகர் ஒருவர், "ஐயா, எங்கள் ஊரில் கரைவலையில் ஒரு கை கொடுத்தால் சும்மாவே மீன் தருவார்களே" என்று கடிதம் போட்டிருந்தார். அன்றைக்கே நான் திருந்தியிருக்கலாம். எங்கே?

அந்தத் தூண்டில் கிரடிட் காட்டில் வந்தது. அதன் பின்னால் சுவரில் பாதியை மறைக்கும் ரீவி வந்தது. எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மெஷின் வந்தது. பிறகு, இவையெல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்க, இரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினும் வந்தது. மாதாமாதம் வங்கி ஒரு கடிதம் அனுப்பும். குறைந்தது இவ்வளவு கட்டினால் போதும் என்று மிக மரியாதையாகக் கேட்கும். இவ்வளவு தன்மையான கடன்காரனை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. அவன் கேட்ட குறைந்த தொகையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

தூண்டிலில் இதுவரை அகப்பட்டவை இரண்டு மீன்கள். விலையைக் கணக்குப் பார்த்தால் அந்த இரண்டையும் பொரித்திருக்கக்கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் நான் கந்தோரில் வேலையாக இருந்த நேரம் அந்தக் கடிதம் என் மனைவி வசந்தியின் கையில் அகப்பட்டது. வீட்டுக்கு வந்தேன். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டரை வருசமா மாசாமாசம் கட்டியிருக்கிறியள். கடன் குறையேல்லை. கூடியிருக்கு. இவங்களுக்கு நாங்கள் சம்பளம் குடுக்கிறமோ?"

"அது வட்டி, வசந்தி. அது என்னெண்டால்..."

"எனக்கு விளங்குது. உங்களுக்குத்தான் விளங்கேல்லை."

எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கை இரண்டிலும் சவர்க்காரம் பூசிக்கொண்டு, தங்கக் காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு முன்னர் பாலர் பாடசாலையில் படிப்பித்து, அந்தச் சின்னச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்வித்த சோடிக் காப்பு அது. நான் போட்ட நகையாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். இது அவளுடைய சொந்த உழைப்பு. காப்பு கை முட்டி எலும்பைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்கு முன்னர் ஒரு தடவைகூட அந்தக் கடனுக்காக நான் வெட்கப்பட்டதில்லை.

அடுத்த நாள் காப்பு வங்கியில் அடகுக்குப் போனது. அந்தக் காசில் காட் கடன் முழுவதும் தீர்ந்தது. அடகு வட்டி காட் வட்டியை விடக் குறைவு என்று அவள் கொப்பியில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். என் கிரடிட் காட்டை வாங்கி, மீன் செட்டை வெட்டுகிற கத்தரிக்கோலால் நாலாக வெட்டினாள்.

"ஒரு வருசத்துக்குள்ள மீட்காட்டி ஏலத்தில போடுவினம். என்ர காப்பு ஏலத்தில போகாது. விளங்குதோ?"

விளங்கியது.

மறுநாளே அவசரகாலச் சட்டம் அமுலுக்கு வந்தது. தேத்தண்ணிக்குள் சீனி கிடையாது. உள்ளங்கையில் ஒரு சின்னத் துண்டு பனங்கட்டி, கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். அறக்குளா, பாரை மாதிரிப் பெரிய மீன் எல்லாம் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. மலிவான சின்ன மீன் சூடைதான். அதுவும் சந்தையில் விலை இறங்குகிற பத்தரை மணிக்குப் போய் வாங்கிய சூடை. திங்கள் சூடைக் குழம்பு, செவ்வாய் சூடைச் சொதி, புதன் சூடைப் பொரியல். வியாழக்கிழமை மரக்கறி என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பெரிய ரீவி இரண்டு மணித்தியாலம் மட்டும். போகப் போக அது சுவருக்கு அழகாக மட்டும் இருந்தது.

முற்றத்தில் கீரைப் பாத்தி போட்டோம். எங்கள் ஊர் மான்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற சனத்தோடு சனமாக நிற்கிற மான்கள் அவை. ஒரு காலையில் கதவைத் திறந்தால், மூன்று மான்கள் எங்கள் பாத்தியில் ஆறுதலாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தன. முதல் நாள் கேற்றைப் பூட்ட மறந்தது யார் என்று வசந்தி விசாரணை வைத்தாள். அந்த விசாரணையின் முடிவை இங்கே எழுதுவதாக இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய வெட்டு, பலகாரத்தில் விழுந்தது. எண்ணெய், மா, சீனி, காஸ்... இரண்டு வீட்டுக்குப் போகிற பலகாரம் என்றால் ஒரு மாதத்துச் சூடைக் காசு. "காப்பு வாற வரைக்கும் பலகாரச் சட்டி ஏறாது" என்று சொல்லிவிட்டாள். வெறுங்கையைப் பார்த்து ரீச்சர் கேட்டபோது, "அலர்ஜி ரீச்சர். தங்கம் பட்டால் கடிக்குது" என்றாள். பதினாறு வருடம் பிடிக்காத அலர்ஜி!

ஆனால் சட்டி ஏறாவிட்டால் தட்டு எப்படித் திரும்பும்? முதல் தடவை ஒரு பிடி சீனி போட்டுக் கொடுத்தோம். இரண்டாம் தடவை முற்றத்துத் தேசிக்காய் நாலு. மூன்றாம் தடவைக்கு வழியில்லை. "பிறகும் சீனி போட்டுக் குடுத்தால், வீட்டில ஒண்டுமில்லை எண்டு விளங்கிப்போடும்" என்றாள் வசந்தி.

இந்த இடத்தில்தான் நான் உதவிக்கு வந்தேன். நான் உதவிக்கு வந்த எந்தக் காரியம் உருப்பட்டிருக்கிறது?

ஹஜ்ஜுப் பெருநாள் நேரம் நாங்கள் குச்சவெளியில் மச்சாள் வீட்டில் நாலு நாள் நின்றோம். இதுவும் சிக்கனத் திட்டத்தில் ஒரு பகுதிதான். மச்சாளுக்கு மட்டும் அது தெரியாது. திரும்பி வந்த அன்று பின்னேரம் ரீற்றா அக்கா ஒரு தட்டு நிறையத் தொதல் கொண்டுவந்து தந்தார். பளபளவென்று கறுப்பாக, சாய்சதுரமாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு முழு முந்திரிப் பருப்பு. வசந்தி வீட்டில் இல்லை. ரீச்சரின் தட்டு ஒன்று திருப்பிக் கொடுக்கப்படாமல் கிடந்தது. எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. அந்தத் தொதலை அப்படியே ரீச்சரின் தட்டுக்கு மாற்றினேன். மதில் கதவால் போய்க் கொடுத்தேன்.

ரீச்சர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் தட்டைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்... யாரு அண்ணன் கிண்டினது?"

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "வேற ஆர்? வசந்திதான்! காலமையிலயிருந்து நிண்டு கிண்டினவா" என்றேன்.

அன்றைக்கு இருட்டின பிறகு ரீச்சர் எங்கள் குசினிக்கு வந்தார். "வசந்தி, தொதல் நல்ல ருசி. முந்திரி வச்ச விதம், வெட்டின விதம் எல்லாம்... எங்கட வீட்டில நான் செய்றது மாதிரியே இருக்கு" என்று சிரிக்காமல் சொன்னார். அவர் போன பிறகு வசந்தி என் பக்கம் திரும்பினாள்.

விளங்கிவிட்டதுதானே? பெருநாளுக்கு ரீச்சர் ரீற்றா அக்கா வீட்டுக்குக் கொடுத்த தொதல். ரீற்றா அக்கா அதை எங்களுக்குத் தந்தார். நான் அதைச் செய்தவரிடமே கொண்டுபோய், காலையிலிருந்து நின்று கிண்டியதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!

அன்றைக்கு வசந்தி புதுச் சட்டம் போட்டாள். "இனி என்ர கையால செய்த பலகாரம் இல்லாமல் ஒரு தட்டும் இந்த வாசலைத் தாண்டாது." பலகாரம் செய்ய ஏற்கனவே தடை. ஆகவே தட்டுகள் வாசலைத் தாண்டவில்லை. வருவது மட்டும் நிற்கவில்லை. ரீச்சர் வீட்டுப் புட்டு வரும், ரீற்றா அக்காவின் மீன் கட்லட் வரும். தட்டு அலுமாரிக்குள் போகும். எனக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. சூடையிலிருந்து விடுதலை என்றால் சும்மாவா? ஏழாவது தட்டு வந்தபோதுதான் கட்லட் தொண்டையில் இறங்க மறுத்தது. ஒரு கடனை அடைக்கப்போய் இன்னொரு கடனுக்குள் இறங்கிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. ரீச்சர் மதில் கதவால் வருவதும் குறைந்துகொண்டு வந்தது. வசந்தி மத்தியானத்தில் அந்தக் கதவை அடிக்கடி பார்ப்பாள்.

ஆனால் காப்பு விஷயத்தில் அவள் வென்றுவிட்டாள். பதினோராவது மாதம், போன வெள்ளிக்கிழமை, கடைசிக் காசையும் கட்டி மீட்டுக்கொண்டு வந்தாள். இந்தப் பத்திக்கு வருகிற காசும் அதற்குள்தான் போனது. அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் தேவையில்லாமல் கையை ஆட்டிக்கொண்டு திரிந்தாள். தேத்தண்ணி கலக்கும்போது கலகல. தலை வாரும்போது கலகல. வீட்டில் காசு என்று ஒரு சதம் மிச்சமில்லை. ஆனாலும் அன்று எங்கள் வீட்டில் ஒரு பெருநாள்.

அதற்கு அடுத்த நாள் காலைதான் ரீச்சர் முன் கேற்றில் வந்து நின்றார்.

கதைச் சத்தம் கேட்டு வசந்தியும் வந்துவிட்டாள். ரீச்சர் இப்போது விஷயத்தைச் சொன்னார். மகள் ஷிபானாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மூதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எட்டுப் பேர். வீட்டில் நல்ல தட்டுச் செற் அது ஒன்றுதான். ஆறில் இரண்டுதான் வீட்டில் இருக்கிறது.

"கேக்கக்கூடாதுதான் வசந்தி. மன்னிச்சுக்கங்க. வேற வழியில்ல."

"ஐயோ ரீச்சர், நாங்கள்தான்..." என்று வசந்தி அவரின் கையைப் பிடித்தாள். காப்பு சத்தம் போட்டது.

ரீச்சரின் கண் காப்பில் போய் நின்றது. "அலர்ஜி சுகமாகிட்டா?"

வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "ஓம்... நேற்றுத்தான்... பதினொரு மாசம்..."

ரீச்சர் தன் சட்டைக் கையை மெல்ல மேலே இழுத்துக் காட்டினார். வெறுங்கை. "எனக்கும் அதே அலர்ஜிதான் வசந்தி. போன பெருநாள் முடிஞ்ச கையோட. அவர்ட கடைக்குச் சாமான் எடுக்க. என்டதும் போய்ட்டு, பிள்ளைடதும் போய்ட்டு."

"பிறகு ஏன் ரீச்சர் எங்களுக்கு இவ்வளவு சாப்பாடு அனுப்பினனீங்கள்?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதுதான்.

"நிப்பாட்டினா நீங்க விளங்கிருவீங்களே அண்ணன்!"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ரீச்சர் முக்காட்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளை கண்ணாடிக் காப்புப் போடுறன் எண்டு சொல்றா. படிச்ச பிள்ளைதானே, பார்க்கிறவங்க பிள்ளையத்தானே பார்ப்பாங்க" என்று சொல்லிக்கொண்டு, தட்டைப் பின்னேரம் தந்தால் போதும் என்று போய்விட்டார்.

இப்போது பிரச்சினையைப் பாருங்கள். நாலு தட்டு. வீட்டில் ஒன்றுமில்லை. குசினியில் ஒவ்வொரு தகரப் பேணியாகத் திறந்தோம். சீனிப் பேணியில் எறும்பு மட்டும் நம்பிக்கையோடு திரிந்தது. தூரத்தில் பாணும் பணிஸும் கேக்கும் விற்றுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. எனக்கு மூளை திடீரென்று வேலை செய்தது.

"வசந்தி, யோசிக்காதேயும்! பாண் ஓட்டோ வருது. கேக் கொஞ்சம் எடுப்பம். காசு பிறகு குடுக்கலாம், என்ர கொப்பியில எழுதச் சொன்னால் சரி."

வசந்தி பேணி மூடியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கொப்பி?"

வாசகர்களே, பதினொரு மாதமாக ஒழுங்கை முடக்கில் நின்று, தினம் கந்தோருக்குப் போகும்போது பாண் ஓட்டோவில் ஒரு மாலு பணிஸ் கடனுக்குச் சாப்பிட்டு வந்தேன். மீனும் உருளைக்கிழங்கும் வைத்த அந்தப் பணிஸைச் சூடையோடு மட்டும் வாழ்ந்து பார்த்தவர்கள்தான் மன்னிப்பார்கள். வசந்தி அந்த வகையில் சேரவில்லை. அவள் பேசியதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். முடிவை மட்டும் சொல்கிறேன்: வெளிநாட்டுத் தூண்டில் அன்றே ரீற்றா அக்காவின் கணவருக்கு விற்கப்பட்டது. விற்ற காசு பணிஸ் கடனுக்கே சரியாகப் போய், கொப்பி அன்றே மூடப்பட்டது. கேக் வாங்கப்படவில்லை.

பின்னேரம் வசந்தி நாலு தட்டையும் கழுவினாள். துடைத்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கி வைத்துவிட்டு மேல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிக் குழாயைத் திறந்து, கையில் சவர்க்காரம் பூசத் தொடங்கினாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

அவள் முட்டி எலும்பில் இழுத்தாள். ஒரு காப்பு கழன்றது. மற்றதும் கழன்றது. துடைத்து நீலப்பூத் தட்டின் நடுவில் வைத்தாள்.

நான் ஓடிப்போய்த் தட்டைப் பிடித்தேன். பெருந்தன்மையால் அல்ல. பயத்தால்! பதினொரு மாதச் சூடை அந்தத் தட்டில் இருந்தது. என் கீரை, என் சீனி, என் ரீவி எல்லாம் அந்தத் தட்டில் இருந்தன.

"வசந்தி... நேற்றுத்தானே மீட்டனீர்..."

"பதினொரு மாசம் வெறுங்கையோட திரிஞ்சனான். நாலு பேருக்கு முன்னால கையைச் சீலைக்குள்ள ஒளிச்சு வைக்கிறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை நாளைக்கு அப்பிடி நிக்கவேண்டாம்." தட்டின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டாள். "வெறுந்தட்டுக் குடுக்கிறேல்லை."

மதில் கதவைத் திறந்துகொண்டு போனாள். அந்தப் பக்கம் ரீச்சரின் குரல் ஒரு தடவை உயர்ந்தது. பிறகு இரண்டு பேர் அழுகிற சத்தம். பிறகு இரண்டு பேர் சிரிக்கிற சத்தம். நான் இந்தப் பக்கம் நின்று சவர்க்காரத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். வேறு என்ன செய்வது? என் மனைவி எவ்வளவு பெரிய மனுசி என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூதூர் ஆட்களின் வான் வண்டி வந்தது. நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மரியாதையான வேலை இல்லைதான். ஆனால் எங்கள் காப்பு அந்த வீட்டுக்குள் இருக்கிறதே! திரும்பிப் போகும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் வானில் ஏறினார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் மதில் கதவு திறந்தது. நஸ்ரின் ரீச்சர் நேரே குசினிக்குள் வந்தார். சட்டி மூடியைத் திறந்தார்.

"இண்டைக்கும் சூடையா?"

இதைக் கேட்டு வசந்தியின் முகத்தில் வந்த சந்தோசம், வெள்ளிக்கிழமை காப்பு வந்தபோதுகூட வரவில்லை.

ரீச்சர் கதையைச் சொன்னார். மாப்பிள்ளையின் உம்மா ஷிபானாவின் கையைப் பிடித்துப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு. எங்க செஞ்சது?" என்று கேட்டாராம். அந்தப் பிள்ளைக்குப் பொய் வராது. "பக்கத்து வீட்டு மாமிட காப்பு. எங்கட காப்பு பேங்கில இருக்கு" என்று சொல்லிவிட்டதாம்! ரீச்சருக்கு உயிர் போய் வந்ததாம். பிறகு அந்த உம்மா தன் கழுத்தில் கிடந்த பெரிய மாலையைத் தூக்கிக் காட்டி, "இதும் என்ட தங்கச்சிடதான் மகள். என்டது மூதூர் பேங்கில" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அவர்களுக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. ஷிபானாவுக்குத்தான் மாப்பிள்ளையைப் பற்றி இன்னும் இரண்டு நாள் யோசிக்க வேண்டுமாம்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் பழக்கம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கடன்பட்டு ஒரு ரீவி வாங்கினால் ஊரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். அந்தக் கடனை அடைக்கப் பாடுபடுகிறபோது மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். வெட்கப்பட வேண்டியது வாங்கினதற்கா, அடைக்கிறதற்கா? பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சூடை தின்றதுதான் மிச்சம். ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் சேர்ந்து தின்றிருக்கலாம்.

இதை எழுதலாமா என்று ரீச்சரிடம் கேட்டேன். "பேர மாத்திப் போடுங்க. தொதல் கதைய மட்டும் விட்டுராதீங்க" என்றார். மாற்றிவிட்டேன். விடவில்லை.

காப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டையும் நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். வங்கிக் கடன் இல்லை, அடகுக் கடன் இல்லை, பணிஸ் கடன்கூட இல்லை. ஒரு சதம் கடனில்லாத மனிதன் என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதி முடிக்கத்தான் ஆசை.

ஆனால் ரீச்சர் அந்தக் காப்பைத் தனியாகக் கொண்டுவரவில்லை... கூடவே ஒரு நீலப்பூத் தட்டு நிறைய வட்டிலப்பம்!